சிட்டியா, டில்லியா, பாகுபலியா... 12 இன்ச் ஃபிகருக்கு யார் தகுதி?

ஒரு அடி உயரம். அளவெடுத்துத் தைத்த சட்டை, கையால் வண்ணம் தீட்டிய முகம், கழற்றி மாற்றக்கூடிய நாலைந்து ஜோடிக் கைகள். விலை 20 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். இதைப் பார்த்து "இதென்ன பொம்மை, இவ்ளோ விலையா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கலெக்டர்களுக்குக் கோபம் வந்துவிடும். மாவட்ட கலெக்டர் இல்லை பாஸ், ஆக்‌ஷன் ஃபிகர் சேகரிக்கும் கலெக்டர்கள்!

இவர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் ஒரு சண்டை நிச்சயம். 'எந்தப் படத்துக்கெல்லாம் இந்த ராஜமரியாதை கொடுக்கலாம்?' என்பதுதான் அது. அயர்ன் மேனுக்கும் பேட்மேனுக்கும் டஜன் கணக்கில் ஃபிகர் வந்தாச்சு. நம்ம ஊர் ஹீரோக்களுக்கு எப்போ? வந்தால் யார் முதலில்? உங்கள் நண்பர்கள் கூட்டத்திலும் இந்தப் பஞ்சாயத்து ஓடுகிறதா? இதைப் படித்துவிட்டுப் போய்ப் பேசுங்கள்.

முதல்ல பேஸிக்ஸ்

'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பெயரே ஒரு வியாபாரத் தந்திரம். 1964-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற ராணுவ வீரர் பொம்மையைக் கொண்டுவந்தது. 'டால்' என்று சொன்னால் பையன்கள் தொடமாட்டார்கள் என்ற பயத்தில் 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று பெயர் மாற்றி விற்றார்கள். பெயர் நின்றுவிட்டது.

சினிமா உள்ளே வந்து ஆட்டத்தையே மாற்றியது 1977-ல். 'ஸ்டார் வார்ஸ்' ரிலீஸாகி உலகமே அலறியது. பொம்மை உரிமம் வாங்கிய கென்னர் நிறுவனத்திடம் கிறிஸ்துமஸுக்கு விற்கச் சரக்கே தயாராக இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? 'பொம்மை அடுத்த வருஷம் வரும்' என்ற சான்றிதழைப் பெட்டியில் போட்டு விற்றார்கள். 1978-ல் முதல் 12 கேரக்டர்கள் வந்தன. இன்றைய ப்ரீ-ஆர்டர் கலாசாரத்துக்குத் தாத்தா அந்த வெறும் பெட்டிதான்! பொம்மை, டி-ஷர்ட் உரிமைகளைத் தன் கையிலேயே வைத்துக்கொண்ட இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் அதில் சம்பாதித்தது தனிக்கதை.

இப்போது உயர்ரக ஃபிகர் என்றாலே முதலில் வரும் பெயர், 2000-ல் ஹாங்காங்கில் தொடங்கிய ஹாட் டாய்ஸ். இதன் அளவு 'ஒன்றுக்கு ஆறு'. அதாவது, ஆறடி மனிதர் ஓரடி ஆகிவிடுவார். உடம்பில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் மூட்டு அசையும்.

மூணு கோஷ்டி, மூணு நியாயம்

இந்தச் சண்டையில் பெரும்பாலும் மூன்று தரப்புகள் இருக்கும்.

ஒன்று, மாஸ் கோஷ்டி. "வசூல்தான் அளவுகோல். கூட்டம் வந்த படத்துக்குத்தான் பொம்மையும் விற்கும்" என்பது இவர்கள் வாதம். நியாயம்தான். ஒரு ஃபிகருக்கு அச்சு செய்யவே பெரிய முதலீடு வேண்டும். சில நூறு பேர் மட்டும் வாங்கினால் கட்டுப்படியாகாது.

இரண்டு, டிசைன் கோஷ்டி. "முகத்தை மறைத்தாலும் யாரென்று தெரியணும். நிழலைப் பார்த்தே சொல்லணும்" என்பார்கள். பேட்மேனுக்குக் காது, டார்த் வேடருக்குத் தலைக்கவசம். எம்.ஜி.ஆருக்கு? தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போதும். ஆனால், ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் போட்ட ஹீரோவைச் சிறியதாக்கினால், ஜவுளிக்கடை வாசலில் நிற்கும் மாடல் பொம்மை மாதிரிதான் இருக்கும். அந்தப் படம் 500 கோடி வசூல் செய்திருந்தாலும் சரி.

மூன்று, பழைய பட கோஷ்டி. "பத்து வருஷம் கழித்தும் பேசுவார்களா? அதுதான் கேள்வி" என்பது இவர்கள் கட்சி. இவர்களுக்கு ஆதரவாக ஒரு சாட்சி, சென்னையிலேயே இருக்கிறது.

ஃபன்ஸ்கூல் சொன்ன பாடம்

எம்.ஆர்.எஃப்பும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் ஆரம்பித்தது ஃபன்ஸ்கூல். தலைமையிடம் சென்னை. இவர்கள் ஜி.ஐ. ஜோ வீரர்களை இந்தியாவிலேயே தயாரித்து, நம்ம ஊர் விலையில் விற்றார்கள். 90-ஸ் கிட்ஸுக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கும்.

இந்தியத் தயாரிப்பில் பல வீரர்களின் நிறம் அமெரிக்கத் தயாரிப்பிலிருந்து வேறுபட்டிருந்தது. இங்கே மணலில் புதைத்தும் மொட்டைமாடியிலிருந்து தூக்கிப்போட்டும் விளையாடிய அதே பொம்மைகளை, 'இந்த நிறம் எங்கள் நாட்டில் கிடைக்காதே' என்று வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்கினார்கள்.

இதில் இருந்து என்ன தெரிகிறது? விலையை அதிகம் வைப்பதால் மட்டும் ஒரு பொருள் 'கலெக்டிபிள்' ஆகிவிடாது. வேறெங்கும் கிடைக்காத ஏதோ ஒன்று அதில் இருக்க வேண்டும். கூடவே, அதன்மீது பாசம் வைத்த ஒரு தலைமுறையும் வேண்டும்.

ஏற்காடு சாலையில் ஒரு 'ஸ்டூடியோ யுனிவர்ஸ்'

'ஃப்ரான்சைஸ் எல்லாம் ஹாலிவுட் சமாசாரம்' என்று நினைத்தால், சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையைப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்பே, மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு தெரியும். ஏற்காட்டுக்கும் தலைச்சோலைக்கும் டூர் போகிறவர்கள் செல்ஃபி எடுத்துவிட்டு நகரும் இடம். 1930-களில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய இந்த நிறுவனம்தான் முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938), எம்.ஜி.ஆர் நடித்து முழுநீள வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவற்றைக் கொடுத்தது. பிறகு ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று துப்பறியும் படங்கள். 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' என்ற பட்டம் அவருக்கு ஒட்டிக்கொண்டது இந்த வகைப் படங்களால்தான்.

ஒரே கம்பெனி, ஒரே ஹீரோ, ஒரே ஸ்டைல். இன்றைக்கு நாம் 'யுனிவர்ஸ்' என்று கொண்டாடுவதற்கு ரொம்பப் பக்கத்தில் வந்த விஷயம். ஆனால், அந்தக் கோட்டும் துப்பாக்கியும் ஒரு பொம்மையாகக்கூட நம் வீட்டு அலமாரிக்கு வந்து சேரவில்லை. ஸ்டூடியோவில் பார்க்க மிஞ்சியதும் அந்த வளைவுதான். படத்தின் தோற்றத்தைப் பொருளாகப் பாதுகாக்கும் பழக்கம் நம்மிடம் இல்லாததால் இழந்தது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். 'பொம்மைக்கு ஏன் இவ்ளோ சண்டை?' என்பவர்களுக்கு இதுதான் பதில்.

கையெழுத்து யார் போடுவது?

ரசிகர்கள் யாரும் கண்டுகொள்ளாத பெரிய முட்டுக்கட்டை இதுதான். லைசென்ஸ் ஃபிகர் செய்ய இரண்டு சம்மதம் தேவை. கேரக்டருக்குத் தயாரிப்பு நிறுவனம், முகத்துக்கு நடிகர்.

முகம் விஷயத்தில் நீதிமன்றங்கள் தெளிவாக இருக்கின்றன. பாடகர் தலேர் மெஹந்தி மாதிரியே பொம்மை செய்து அனுமதி இல்லாமல் விற்ற வழக்கில், 2010-ல் டெல்லி உயர் நீதிமன்றம் பாடகர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2015-ல், தன் பெயரையும் பாணியையும் ஓர் இந்திப் படம் பயன்படுத்துவதை எதிர்த்து ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் அவருடைய ஆளுமை உரிமையை ஏற்றுக்கொண்டது. ஆக, "3டி பிரின்டர் இருக்கு, தலைவரை பிரின்ட் போட்டு விற்கலாமா?" என்று யாராவது ஐடியா கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, தீர்ப்புக்கு வருவோம்!

எல்.சி.யூ: மாஸ் கோஷ்டியின் முதல் ஓட்டு. நெற்றியில் விபூதி, கையில் விலங்கு, பக்கத்தில் பக்கெட் பிரியாணி. டில்லிக்கு ஆக்சஸரி லிஸ்ட் தானாக எழுதிக்கொள்ளும். சிக்கல் எங்கே? 'கைதி' (2019) ட்ரீம் வாரியர், 'விக்ரம்' (2022) ராஜ்கமல், 'லியோ' (2023) செவன் ஸ்க்ரீன். கதையில் ஒரே உலகம், தயாரிப்பில் மூன்று வீடு. டில்லியையும் ரோலக்ஸையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டுமென்றால் எத்தனை கையெழுத்து என்று எண்ணிப் பாருங்கள்.

பாகுபலி: 2015, 2017 என இரண்டு பாகமும் ஆர்கா மீடியா என்ற ஒரே நிறுவனம். கவசம், வாள், கிரீடம் என்று ஃபிகர் செய்பவருக்குத் தீனி தாராளம். கட்டப்பா, தேவசேனா, பல்வாள்தேவன் என்று வரிசையாக வாங்க வைக்கும் கேரக்டர்களும் உண்டு. வியாபாரக் கணக்கில் இதுதான் ரொம்ப சுலபம்.

பொன்னியின் செல்வன்: சுவாரஸ்யமான கேஸ். கல்கி மறைந்தது 1954-ல். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான் நம் சட்டத்தில் பதிப்புரிமை. அதனால் நாவலின் வந்தியத்தேவனை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால், கார்த்தி முகத்தையும் படத்தின் உடை வடிவமைப்பையும் தொடக் கூடாது. திறமையான நம்ம ஊர் சிற்பிகளுக்கு இது ஓர் அருமையான வாசல். சொந்தக் கற்பனையில் ஒரு நந்தினி செய்தால் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம்.

வேட்டி ஹீரோக்கள்: ஆசை இருக்கு, ஆனால் கஷ்டம். உருவத்தை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கலாம். துணியின் கனத்தை அப்படிச் சுருக்க முடியாது. சின்ன வேட்டி மடிப்பு விழாமல் விறைத்து நிற்கும். பேட்மேன் அங்கிக்குச் செய்வதுபோல ஓரத்தில் மெல்லிய கம்பி வைத்துத் தைக்க வேண்டும். 'வேட்டியை மடித்துக் கட்டும்' சீனை அசலாகக் கொண்டுவருபவருக்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் தகும்.

எந்திரன்: நம் ஓட்டு இதற்குத்தான். ஏன்? 'எந்திரன்' (2010) படத்தின் ரோபோ வேலைகளில் 'அயர்ன் மேன்' படத்துக்கு வேலை செய்த அதே லெகசி எஃபெக்ட்ஸ் பங்கேற்றது. தோல் போர்த்துவதற்கு முன் இருக்கும் உலோக உருவம், நல்ல சிட்டி, கெட்ட சிட்டி என்று ஒரே கேரக்டரில் வெவ்வேறு வடிவங்கள். நிழலிலேயே தெரியும் தோற்றம். கிளைமாக்ஸில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் பந்தாகவும் பாம்பாகவும் உருவெடுத்ததால், ஒன்றோடு நிறுத்தவும் மனசு வராது! மூன்று கோஷ்டியும் ஒத்துப்போகும் ஒரே பெயர் இதுதான். தடை? முதல் பாகம் சன் பிக்சர்ஸ், '2.0' (2018) லைகா. இருந்தாலும், முதல் படத்தின் சிட்டியை மட்டும் வைத்துத் தொடங்க என்ன தயக்கம்?

வாங்கும் முன் கவனிங்க

* பெட்டியில் தயாரிப்பாளர் பெயரோடு பட நிறுவனத்தின் பதிப்புரிமை வரியும் இருக்க வேண்டும். 'அதே குவாலிட்டி, பாதி விலை' என்றால் பெரும்பாலும் நகல்தான்.
* வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியைக் கணக்கில் சேருங்கள். பொம்மைகளுக்கான வரி 2020-ல் 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறியது. ஆர்டர் போடும் நாளில் என்ன வரி என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.
* 2021 ஜனவரியிலிருந்து 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ் தரச்சான்று கட்டாயம். பெட்டியில் என்ன வயது போட்டிருக்கிறது என்று விற்பவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.
* ப்ரீ-ஆர்டர் முன்பணம் பல இடங்களில் திரும்பக் கிடைக்காது. ரத்து விதியைப் படிக்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

மலையில் ஈரம், சமவெளியில் சூடு

வாங்கியாச்சு. எங்கே வைப்பது? ஏற்காடு மாதிரி சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பவர்களுக்கு ஜன்னல் வழியே வரும் மூடுபனிதான் எதிரி. ஈரத்தில் செயற்கைத் தோல் உடைகள் பொடிப்பொடியாக உரியும், துணியில் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடி அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல் பாக்கெட், அவ்வப்போது அதை மாற்றுவது அவசியம். கீழே சேலத்தில் இருப்பவர்களுக்கு வெயில்தான் பிரச்னை. நேர் வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும், பசை இளகும். எங்கே இருந்தாலும், விளக்கு எரியும் ஃபிகர் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கை கால்களை அகட்டி வைத்த போஸில் மாதக்கணக்கில் நிற்க வைத்தால் மூட்டுகள் தளர்ந்து, உடையும் மடிப்புகளில் வெடித்துவிடும்.

எந்தப் படத்துக்குத் தகுதி என்ற சண்டை இருக்கட்டும், அது ஜாலிதான். ஆனால், பாதி விலைக்கு நகலை வாங்கிவிட்டு 'நம்ம ஊர் ஹீரோவுக்கு ஏன் ஒரிஜினல் வரலை?' என்று கேட்டால் யாருக்கும் காதில் விழாது. அந்த முகத்தையும் உடையையும் உருவாக்கியவர்களுக்குக் காசு போய்ச் சேரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அடுத்த அச்சுக்கு யாராவது முதல் போடுவார்கள். சிட்டிக்கு ஒரு பெட்டி வருமா என்பது அந்த நம்பிக்கையைப் பொறுத்தது.