குதிச்சா தப்பிச்சிடலாம்னு யாரு சொன்னது?

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. சரக்கை மேலே தூக்கி வைத்தபடியே ஃபோர்க்லிஃப்டை வளைத்திருக்கிறார். வண்டி பக்கவாட்டில் சாய, குதித்துவிட்டார். கூரைக்கம்பி தொடைமேல் விழுந்தது. வெளியே எடுக்க இரண்டு மணி நேரம்.

என்னிடம் வந்தப்போ நல்லாத்தான் பேசினார். "எலும்பு உடையலல்ல டாக்டர்? வீட்டுக்குப் போலாமா?"

ராத்திரிக்குள் சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போச்சு. அப்புறம் சுத்தமா நின்னுபோச்சு. டயாலிசிஸ்.

இதை முதலில் தெளிவாக எழுதியவர்கள் பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள். 1941, குண்டுமழையில் லண்டன். இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்ட நாலு பேர், சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நசுங்கிய தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பொட்டாசியம் இதயத்தையே நிறுத்தும். அதனால் யார் கால் மாட்டினாலும் எவ்வளவு நேரம் மாட்டியிருந்ததுன்னு டாக்டரிடம் சொல்லுங்க. காயம் சின்னதா தெரிஞ்சாலும் சொல்லுங்க.

சரி, பெல்ட் ஏன் போடல?

"போட்டா மாட்டிப்போம் சார், குதிச்சா தப்பிச்சிடலாம்னு பெரியவங்க சொல்வாங்க."

அந்தப் பெரியவங்களைத் திட்ட மாட்டேன். கூண்டு இல்லாத பழைய டிராக்டரில் அது சரிதான். அங்கே பெல்ட் போட்டால் வண்டிக்கு அடியிலேயே கட்டிப்போட்ட மாதிரி.

மாற்றம் வந்தது ஸ்வீடனில். 1959-ல் புது டிராக்டர்களுக்கு, கவிழ்ந்தாலும் நசுங்காத சட்டகம் கட்டாயமானது. அதே வருஷம், அதே நாட்டில், வோல்வோவின் நில்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டைக் காரில் கொண்டுவந்தார். இவர் அதற்கு முன் போர் விமானத்திலிருந்து விமானியை வெளியே வீசும் இருக்கை செய்தவர்! சட்டகம் ஓர் இடத்தைக் காப்பாற்றும்; பெல்ட் ஆளை அந்த இடத்துக்குள் வைத்திருக்கும். ரெண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

ஃபோர்க்லிஃப்டின் கூரை, மேலிருந்து விழும் சரக்குக்காகப் போட்டது. சாயும்போது குதிப்பவர் விழுகிற பக்கமே அதுவும் விழும். எலிப்பொறி மாதிரி.

நம்ம துறைமுகத்துக்கு கன்டெய்னர் முனையம் வந்தது 1983. நாட்டிலேயே அதற்கென்று தனியாகக் கட்டிய முதல் முனையம். கப்பல்துறைத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் 1986, விதிமுறைகள் 1990. ஜேசிபி மாதிரியான கட்டுமான வண்டிகளுக்கு சட்டகம், பெல்ட் எல்லாம் சேர்த்த மத்திய அரசு அறிவிப்பு 2020-ல்தான் வந்தது. 2021, 2024 என இரண்டு கட்டமாக அமல். ஸ்வீடனுக்கும் நமக்கும் அறுபது வருஷம். அதுவும் புது வண்டிக்கு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஓடுற பழசெல்லாம்?

ஃபோர்க்லிஃப்ட் சாய்ந்தால்: குதிக்காதீங்க. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிங்க, காலை ஊன்றுங்க, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்ங்க. பெல்ட் ஏற்கெனவே போட்டிருக்கணும்.

அவர் பிழைச்சிட்டார். போன மாசம் வந்தார். புது வண்டியில் பெல்ட் போடலன்னா சத்தம் வருதாம்.

"பசங்க பெல்ட்டை முதுகுக்குப் பின்னாடி மாட்டிட்டு அதுமேலேயே உக்காந்துக்குறானுங்க சார். டெய்லி சண்டை."