கைக்கு எத்தனை மார்க்கு?

ஒரு நாள் காலையில் எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர், கையில் பாஸ்போர்ட்டுடன் வந்து நின்றார். தொழில் கொத்து வேலை. வயது 28 இருக்கும். வடசேரிக்கும் ஒழுகினசேரிக்கும் இடையே சென்ற பத்து வருஷங்களில் எழும்பிய மாடிகளில் எத்தனையோ அவர் கை பட்டவை. என் வீட்டுப் பின்கட்டுச் சுவர்கூட அவர் எடுத்ததுதான். தூக்குக்குண்டைத் தொங்கவிடுவதற்கு முன்பே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "அரை விரக்கடை சாஞ்சு நிக்கி" என்பார். குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தால் அரை விரற்கடைதான் சாய்ந்திருக்கும்.

"அண்ணாச்சி, இதுல என்னமோ அடிச்சிருக்கான். ஏஜெண்டு சொல்லுகான், ஒனக்குப் படிப்பு பத்தாது, அதனாலதான் இப்பிடின்னு. என்னதுன்னு பாத்துச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். குடிபெயர்வுச் சோதனை தேவை என்று உள்பக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. அவர் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா முதலான 18 தேசங்களுக்கு வேலைக்குப் போவதென்றால், பொதுவாகக் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற சர்க்கார் அதிகாரியிடம் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு அது. பத்தாவது தேறியவனுக்கு இந்தச் சோதனை இல்லை.

இதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் தம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பம் எனக்க கைக்கு ஒரு மார்க்கும் கெடையாதா, அண்ணாச்சி?"

பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருந்த இன்னொரு கடுதாசியையும் எடுத்து நீட்டினார். அது வேலை ஒப்பந்தம். உத்தியோகம் என்ற இடத்தில் 'ஹெல்ப்பர்' என்று போட்டிருந்தது. நம் ஊர்ப் பாஷையில் சித்தாள். சம்பளமும் அதற்குத் தக்கபடி. இரண்டு நாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ஒரு மனிதனைத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ள ஒரு நாடு எதைப் பார்க்கிறது? கையையா, கடுதாசியையா? நாகர்கோவில்காரன் இந்தக் கேள்விக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பதிலில் ஒரு பகுதி பக்கத்திலேயே கல்லில் எழுதிக் கிடக்கிறது.

இங்கிருந்து திருவனந்தபுரம் போகிற சாலையில், தக்கலைக்குச் சற்று முன்னால், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. இன்று அது வனத்துறையின் பொறுப்பில் உள்ள ஒரு பூங்கா. பள்ளிப் பிள்ளைகள் மான் பார்க்க வருகிறார்கள். மரங்களுக்கு நடுவே கூரையில்லாத ஒரு பழைய தேவாலயம், அதனுள் கல்லறைகள். ஒன்றின்மேல் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் வெட்டியிருக்கின்றன. அங்கே உறங்குகிறவர் எஸ்தாக்கியுஸ் டிலனாய். மனைவியும் மகனும் பக்கத்திலேயே அடங்கியிருக்கிறார்கள்.

டிலனாய் இந்த மண்ணுக்கு விண்ணப்பம் போட்டு வந்தவர் அல்ல. சண்டை போட வந்தவர். டச்சுக் கம்பெனிக்கு மிளகு வேண்டியிருந்தது. 1729இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா மகாராஜா, பக்கத்துச் சிறு நாடுகளை ஒவ்வொன்றாகத் தம்மோடு சேர்த்துக்கொண்டு, மிளகு வியாபாரத்தையும் தம் கைக்குள் கொண்டுவரப் பார்த்தார். பகை முற்றியது. இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கிற்று. 1741 ஆகஸ்டில் அந்தப் படை பணிந்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். அப்போது அவருக்கு வயது 25.

கைதியை மகாராஜா என்ன செய்தார் என்பதுதான் விஷயம். அரண்மனைக் காவலில் இருந்த சில சிப்பாய்க் கூட்டங்களை அவரிடம் கொடுத்து, இவர்களைப் பழக்கு பார்க்கலாம் என்றார். பழக்கினார். காரியம் மகாராஜாவுக்குத் திருப்தியாயிற்று. பிறகு படை முழுவதும் மெல்ல மெல்ல அவர் கைக்கு வந்தது. ஜனங்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்றார்கள். உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார். அங்கேயே பீரங்கி வார்க்கும் உலை வைத்தார். வடக்கெல்லையில் நெடுங்கோட்டை என்ற அரணை அமைத்ததிலும் அவர் பங்கு பெரிது. இரண்டு மகாராஜாக்களிடம் சுமார் 36 வருஷம் சேவகம் செய்துவிட்டு 1777இல் கண்ணை மூடினார். அவர் இறந்து 12 வருஷம் கழித்து, 1789 டிசம்பரில், திப்பு சுல்தானின் படை முதலில் முட்டிக்கொண்டு திரும்பியது அந்த நெடுங்கோட்டையில்தான்.

ஒரு கைதியிடம் யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை. பத்துச் சிப்பாய்களைக் கொடுத்துச் செய்து காட்டச் சொன்னார்கள். அவ்வளவுதான் பரீட்சை.

இது ஒரு ராஜாவின் தனிப்பட்ட சாமர்த்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. இந்தக் கரையில் அது பழைய வழக்கம். கி.பி. 849இல், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்தில் தரிசாப்பள்ளிக்கும் அதை எடுப்பித்த மார் சபீர் ஈசோ என்ற வியாபாரிக்கும் செப்பேடு எழுதிக் கொடுத்தார். நிலம், குடிகள், வரிவிலக்கு, அளவு நிறைகளின் பொறுப்பு என்று சலுகைகள் நீளுகின்றன. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகச் சபைகளுக்கும் உரிமைகள் உண்டு. சாட்சிகள் அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களை யாரும் தமிழில் எழுதிக் காட்டச் சொல்லவில்லை. தெரிந்த எழுத்தில் போடு என்று விட்டுவிட்டார்கள்.

அதற்காக நம் பெரியவர்களின் பெருந்தன்மையைப் பாடிக்கொண்டிருக்கவும் நான் தயாரில்லை. கொல்லத்துக்குக் கப்பலும் சுங்கமும் வேண்டியிருந்தன. வியாபாரிக்கு வாசல் திறந்தது. மகாராஜாவுக்குப் பீரங்கி வேண்டியிருந்தது. சிப்பாய்க்கு வாசல் திறந்தது. அதுவும் முழுக்கத் திறக்கவில்லை. வேற்று மதத்தவர் என்பதால் டிலனாய்க்குப் பத்மநாபபுரம் அரண்மனைக்குள் போக அனுமதி இல்லை என்றும், அதனாலேயே அவர் உதயகிரியில் தங்கினார் என்றும் சொல்வார்கள். கைக்கு இடம் கிடைத்தது. ஆளுக்கு வாசற்படி வரைதான்.

வருகிறவர்கள் கதை இது. நம்மிலிருந்து போனவர்கள் கதை வேறு மாதிரி.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்களிடமும் யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை. அங்கே கேட்டது உடம்பை மட்டும். ஏமாந்தவர்களும் கடனில் மூழ்கியவர்களும் திரும்பாதவர்களும் மிகுந்தபோது, பிரிட்டிஷ் இந்திய சர்க்கார் 1922இல் ஒரு குடிபெயர்வுச் சட்டம் போட்டது. திருவிதாங்கூர் அப்போது தனிச் சமஸ்தானம். ஆனால் இலங்கைக்குக் கப்பல் ஏறத் தூத்துக்குடிக்கோ தனுஷ்கோடிக்கோ போனால் அங்கே நடந்தது பிரிட்டிஷ் சட்டம்தான்.

அந்தச் சட்டம் வேலைகளை இரண்டாகப் பிரித்தது: திறமை வேண்டிய வேலை, திறமை வேண்டாத வேலை. கைவினைத் தொழில், குமாஸ்தா வேலை, கடைச் சிப்பந்தி வேலை, ஹோட்டலிலும் தேநீர்க் கடையிலும் பரிமாறுவது, வீட்டு வேலை, கண்காட்சி, கூத்து, இவையெல்லாம் திறமை வேண்டிய வகை. திறமை வேண்டாத வகையில் சட்டமே பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது ஒன்று உண்டு: விவசாயம்!

நாஞ்சில் நாட்டில் பிறந்தவன் இந்த இடத்தில் சிரிக்காமல் மேலே வாசிக்க முடியாது. கன்னிப்பூவுக்கு எந்த விதை, கும்பப்பூவுக்கு எந்த விதை, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எப்படித் திரும்பினால் எந்த மடையைத் திறப்பது, எதை அடைப்பது என்று அறிந்த கிழவர் திறமையில்லாதவர். நேற்றுச் சேர்ந்து தேநீர்க் கடையில் தம்ளர் எடுத்து வைக்கிற பையன் திறமையுள்ளவன்.

சட்டம் செய்தவர்கள் மடையர்கள் அல்ல. தோட்ட வேலை என்பது விவசாயம். ஏமாற்றப்பட்டவர்கள் தோட்டத்துக்குப் போனவர்கள். அவர்களைக் காக்க வேண்டுமானால் அவர்களுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். அந்தப் பெயரை வைத்தார்கள். 1938இல் மலாயாவுக்கும் 1939இல் இலங்கைக்கும் கூலிகள் போவதைத் தடுத்தபோது அந்தப் பெயர்தான் உதவிற்று. ஆனால் காப்பதற்காக வைத்த பெயர் காரியம் முடிந்ததும் போய்விடுவதில்லை. மனிதன்மேல் ஒட்டிக்கொள்கிறது.

பிறகு ஒவ்வொரு தேசமும் தன் வாசலில் ஒரு தராசை வைத்தது. பிரிட்டன் 1962இல் காமன்வெல்த் நாட்டவருக்கு மூன்று வகைச் சீட்டுகளை ஏற்படுத்தியது: வேலை கையில் உள்ளவனுக்கு ஒன்று, அங்கீகாரம் பெற்ற தகுதி உள்ளவனுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. 1964இல் மூன்றாவது வகையை நிறுத்திவிட்டார்கள். கானடா 1967இல் பள்ளிக்கூடத்தைப் போலவே மார்க்குப் போட ஆரம்பித்தது. மொத்தம் 100, தேற 50. படிப்புக்கு 20, அதிகாரி ஆளைப் பார்த்துப் போடுவது 15, அந்தத் தொழிலுக்கு அங்கே உள்ள தேவைக்கு 15, தொழில் திறமை, வயது, முன்கூட்டி அமைந்த வேலை, பாஷை நான்குக்கும் பத்துப் பத்து, உறவினர் இருந்தால் 5, போகிற ஊரில் வேலை வாய்ப்பு இருந்தால் 5.

அன்று இரவு எனக்கு ஒரு விபரீத ஆசை தோன்றிற்று. ஒரு காகிதத்தை எடுத்து டிலனாய்க்கு மார்க்குப் போட்டுப் பார்த்தேன். படிப்பு: காட்டக் கடுதாசி இல்லை, பூஜ்யம். பாஷை: பூஜ்யம். உறவினர்: பூஜ்யம். வயது: 10. தொழில் திறமை: 10. தொழிலுக்குத் தேவை: மகாராஜாவைச் சுற்றிப் பகைவர், 15. அமைந்த வேலை: 10. ஊரில் வாய்ப்பு: 5. கூட்டினால் சரியாக 50! கைதிக்கு அதிகாரி என்ன போடுவார் என்று தெரியாததால் அதை விட்டுவிட்டேன். மனிதர் மயிரிழையில் தேறிவிட்டார்.

இன்னொரு கணக்கும் போட்டேன். அந்த வருஷம் மகாராஜாவுக்குப் பகைவரே இல்லை, சேனையும் போதுமான அளவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேவைக்குரிய 15 போயிற்று. வேலையும் இல்லை, 10 போயிற்று. வாய்ப்பின் 5ம் போயிற்று. மிச்சம் 20. டிலனாய் அதே டிலனாய்தான். அதே கை, அதே மூளை. நெடுங்கோட்டை கட்டக்கூடிய மனிதர் பரீட்சையில் தோற்றுவிட்டார்.

நாம் திறமை என்று சொல்லுகிறதில் பாதிக்குமேல் எதிராளியின் தேவை. அது அவனுடைய உரிமை. அவன் வீடு, அவன் வாசல். ஆனால் மார்க்குக் குறைந்தவன் தன் கையே குறைந்துவிட்டது என்று நம்ப ஆரம்பிக்கிறானே, அதுதான் சகிக்கவில்லை.

மறுநாள் இளைஞர் வந்தார். இரண்டு விஷயங்களைச் சொன்னேன்.

"பாஸ்போர்ட்டுல அடிச்சிருக்கறது உங்களுக்கு அவமானம் இல்ல. அது இருக்கறதுனாலதான் இந்த ஒப்பந்தத்தை ஒரு அதிகாரி வாங்கிப் படிக்கணும். பத்தாவது பாஸானவன் ஒப்பந்தத்தை அப்பிடி யாரும் கேட்டுப் படிக்கறதில்ல. ஏமாத்தறவன் அவனையும் ஏமாத்துவான். ஆனா ரெண்டாவதுதான் முக்கியம். ஹெல்ப்பர்னு போட்ட கடுதாசியில கையெழுத்துப் போட்டா, அங்க போயி நீங்க கொத்து வேலை செய்வீங்க, சித்தாள் சம்பளம் வாங்குவீங்க. அதிகாரி கடுதாசியைத்தான் படிப்பார்; ஒங்க கையைப் படிக்க மாட்டார். நீங்கதான் சொல்லணும்."

"போடாம விட்டா இந்தச் சான்ஸு போயிருமே, அண்ணாச்சி. வீட்டுல கடன் கெடக்கு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடன் அவருடையது, புத்தி சொல்லுகிறவனுக்கு வட்டி ஏறுவதில்லை. அவர் பேசாமல் போய்விட்டார். கையெழுத்துப் போட்டிருப்பார் என்றே நினைத்தேன்.

போடவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு மாலை வந்தார். வேறொரு கம்பெனிக்கு ஆள் எடுத்தார்களாம். படிப்பைப் பற்றிக் கேட்காமல் செங்கல்லும் சாந்தும் கரண்டியும் கொடுத்து, ஒரு மூலைச் சுவர் எடுக்கச் சொன்னார்களாம். வளைகுடாவுக்கு ஆள் எடுக்கிறவர்கள் இப்படித் தொழில் பரீட்சை வைப்பது உண்டு.

"ரசமட்டத்த வச்சுப் பாத்தான், அண்ணாச்சி. குமிழி நடுவுல போயி நின்னுது. பெறவு நெடுக்க வச்சுப் பாத்தான். அங்கயும் நடுவுல. ஒண்ணும் பேசல்ல. எழுதிக்கிட்டான்."

புது ஒப்பந்தத்தைக் காட்டினார். உத்தியோகம் என்ற இடத்தில் 'மேசன்' என்று இருந்தது. பாஸ்போர்ட்டில் அந்தப் பழைய வாசகம் அப்படியேதான் இருந்தது. அனுமதிக்கு மனுப் போட்டிருப்பதாகச் சொன்னார். அதைப் பற்றி அவர் இப்போது கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

காப்பி குடித்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார். போகிறபோது சற்று நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் வீட்டுப் பின்கட்டுச் சுவரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆகையால் சுவர் நேராகத்தான் இருக்கிறது.