கோயில் மூடிய காலத்துச் செபம்



குறிஞ்சாக்கேணிக் களப்பின் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த நீர் அத்துணை அகலமானதன்று என்பது தெரியும். அக்கரையில் நிற்பவரின் சட்டை நிறத்தை இக்கரையிலிருந்தே சொல்லிவிடலாம். 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி காலையில், பாலவேலை நடந்துகொண்டிருந்தமையால் மக்கள் ஏறிச்சென்ற இழுவைப் படகு அந்த நீரிலேதான் கவிழ்ந்தது. மாண்டவர்களுள் பள்ளிக்கூடம் சென்ற பிள்ளைகளும் இருந்தனர். கரையில் நின்றவர்கள் கையேந்தித் துஆக் கேட்டார்கள். செய்தி அறிந்த என் தாயார் கோணேசப் பெருமானை அழைத்தபடி முற்றத்தில் அமர்ந்துவிட்டார். என்னோடு படிப்பிக்கும் கத்தோலிக்க நண்பர் ஒருவர் மறுநாள் என்னிடம், "ராத்திரி வீட்டில செபமாலையில ஒரு பத்து மணியை அந்தப் பிள்ளைகளுக்காகச் சொன்னோம், சேர்" என்றார்.

மூன்று சமயம், மூன்று மொழிவழக்கு, ஆனால் அழுகை ஒன்று. துன்பம் வந்து கழுத்தைப் பிடிக்கும்போது மனிதன் ஏன் செபிக்கிறான்? அதனால் அவனுக்குக் கிடைப்பது என்ன? வள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என ஓர் அதிகாரமே வகுத்தார். நீற்றறையில் இடப்பட்ட அப்பர் அடிகள் அங்கிருந்தே பாடினார் எனப் பெரியபுராணம் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே இவ்வினா எமக்குப் புதியதன்று. எனினும் இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டது என் சொந்தச் சமய வரலாறன்று. ஒல்லாந்தர் ஆட்சியிலே குருவுமின்றிக் கோயிலுமின்றி வாழ்ந்த ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரின் வரலாற்றையே இங்கு நோக்கப் போகிறேன்.

இதனைப் பேசத் தொடங்குமுன் ஓர் உண்மையை மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். திருகோணமலையைச் சேர்ந்த ஒரு சைவனுக்குப் போர்த்துக்கேயர் வரலாறு இனிய வரலாறன்று. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் கோயிலை 1620களில் அவர்கள் இடித்தார்கள். அதன் கற்கள் கோட்டைச் சுவருக்குச் சென்றன. இன்றும் கோட்டை வாசலிலே இணைக்கயல் பொறித்த கல்லையும் தமிழ்க் கல்வெட்டையும் காணலாம். அடியார்கள் சிலர் திருவுருவங்களை எடுத்து மண்ணுக்குள் மறைத்து வைத்தனர். 1950ஆம் ஆண்டு கிணறு வெட்டிய வேளையில் அவை வெளிப்பட்டன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சோமாஸ்கந்த மூர்த்தி மண்ணுள் இருந்தார். யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாச முனிவரோ, போர்த்துக்கேய அதிகாரிக்குப் பசுவை ஒப்படைக்க மனமொப்பாது ஊரைவிட்டே அகன்றார் என்பது மரபு. சிதம்பரத்திலே அவர் வெட்டிய திருக்குளம் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

அதிகாரத்தோடு வந்த சமயம் அந்த அதிகாரம் போனதும் நிற்குமா, போய்விடுமா? 1658ஆம் ஆண்டிலே இக்கேள்வி எழுந்தது. அவ்வாண்டு மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. அவர்கள் புரட்டஸ்தாந்து மார்க்கத்தினர். கத்தோலிக்க குருமாரைப் போர்த்துக்கேயரின் கையாட்களாகவே கருதினர். குருமார் நாடுகடத்தப்பட்டனர். கோயில்கள் ஒல்லாந்தச் சபையின் ஆலயங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. கத்தோலிக்க குருவுக்கு இடங்கொடுப்போர்க்கு மரணதண்டனை என விளம்பரமும் பிறந்தது. ஞானஸ்நானமும் விவாகமும் ஒல்லாந்தச் சபையில் நிகழ்ந்து பள்ளித் தோம்பிலே பதியப்பட வேண்டும். உத்தியோகமும் முதுசமும் அந்தப் பதிவைச் சார்ந்தே நின்றன.

சைவர்களும் அதே பள்ளிக்கூடத் திண்ணையில் அமர்ந்து வினாவிடை ஒப்புவித்தவர்கள்தாம். விரத நாளில் உணவுண்ட வாழையிலையை வெளியே எறிந்தால் அகப்பட்டுவிடுவோமென அஞ்சிக் கூரையிற் செருகி மறைத்தார்கள் என்ற கதை யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்குகிறது. ஒரு வீட்டுக் கூரையில் வாழையிலை, அடுத்த வீட்டுப் பெட்டகத்தின் அடியில் செபமாலை. வேலிக்கு இப்புறமும் அப்புறமும் அச்சம் ஒன்றாகவே இருந்தது.

அடுத்த இருபத்தொன்பது ஆண்டுகள் கவனத்திற்குரியவை. 1658 முதல் 1687 வரை வடபுலத்துக் கத்தோலிக்கருக்கு நிலையான குரு எவருமிலர். பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை. குழந்தை பிறந்தது, கிழவர் இறந்தார், கலியாணம் நடந்தது. இவற்றையெல்லாம் யார் முன்னின்று செய்வது? ஊரிலுள்ள மூப்பரும் அண்ணாவியாருமே செய்தனர். மனனஞ் செய்த செபங்களை இரவிலே தணிந்த குரலிற் சொன்னார்கள். சாகக் கிடப்பவர் தலைமாட்டில் நின்று செபித்தார்கள். தாய்மார் பிள்ளைகளுக்குச் செபங்களைத் தாலாட்டுப்போலச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இங்கே தமிழின் பங்கு பெரிது. 1647ஆம் ஆண்டளவிலே தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் சந்தியோகுமையோர் அம்மானையைப் பாடியிருந்தார். ஞானப்பள்ளும் அக்காலத்ததே. அம்மானையும் பள்ளும் எம்மவரின் பழைய பாவடிவங்கள். ஏட்டைப் பறிக்கலாம், நெஞ்சிலிருக்கும் பாட்டைப் பறிக்க எந்தக் கும்பனிக்கும் இயலாது. இலத்தீன் பூசை குருவோடு போய்விட்டது. வாய்மொழித் தமிழ் மக்களோடு நின்றுவிட்டது. பறங்கியர் கொண்டுவந்த சமயம் தமிழருடைய சமயமாக மாறியது பறங்கியர் இருந்தபோதன்று, அவர் போன பின்னர்தான் என்பது என் துணிபு.

சில குடும்பங்கள் ஊரிலிருக்கவும் இயலாது வெளியேறின. மாந்தையிலிருந்து ஏறத்தாழ இருபது குடும்பத்தவர் 1670ஆம் ஆண்டளவில் தம் கோயிலின் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்தனர். யானையும் கரடியும் உலாவும் காடு. மலேரியாக் காய்ச்சலுக்குப் பேர்போன இடம். அங்கே மருதமடுவிலே சொரூபத்தை வைத்து வழிபட்டனர். மடுமாதா திருத்தலத்தின் தோற்றம் இதுவே. கோணேசர் மண்ணுள் மறைந்தார். மாதா காட்டுள் மறைந்தார். ஒருவரைத் துரத்தியது போர்த்துக்கேயர், மற்றவரைத் துரத்தியது ஒல்லாந்தர். மறைத்தவர்களோ இருவழியும் எம்மவர்தாம்.

1687ஆம் ஆண்டு தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த ஒரு தோணியிலே கூலியாள் கோலத்தில் ஒருவர் வந்திறங்கினார். அவர் பெயர் யோசேவ் வாஸ். 1651இல் கோவாவிலே பிறந்த கொங்கணியர், குருவானவர். இலங்கையில் மேய்ப்பனற்ற மந்தை உண்டெனக் கேள்வியுற்றுத் தாமாகவே புறப்பட்டவர். துணையாக யோவான் என்னும் பணியாள் ஒருவர் மாத்திரம் உடன்வந்தார். பயணத்தால் நலிந்து, வயிற்றுளைவு நோயால் இறக்குந் தறுவாய்க்கு வந்து, பின் தேறினார்.

ஆனால் கத்தோலிக்கரை எவ்வாறு கண்டுபிடிப்பது? வாய்விட்டுக் கேட்டால் அவருக்கும் ஆபத்து. பதில் சொன்னவர்க்கும் ஆபத்து. அவர் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சைக்குச் சென்றார். பிச்சையிட வருபவரின் கண் அந்த மாலையில் எவ்வாறு படிகின்றது என்று பார்த்தார். வெறுப்பா, வியப்பா, அல்லது உள்ளே அடங்கிய ஒரு துடிப்பா? அந்தத் துடிப்பைக் கண்ட இடத்தில் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். சில்லாலை அவருக்கு அடைக்கலமாயிற்று. பகலில் மறைவு, இரவிற் பூசை. வீட்டுக்குள் விளக்கைத் தணித்துவைத்து, தந்தையரும் மக்களும் ஒருங்கே பாவசங்கீர்த்தனஞ் செய்தார்கள். நத்தார் இரவொன்றில் வழிபாட்டுக்குக் கூடியவர்களை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்ததும், பிடிபட்டவர் கசையடி பட்டதும் சபை வரலாற்றில் உள்ளன. அடிகளாரோ அகப்படவில்லை.

பின்னர் அவர் புத்தளம் வழியாகக் கண்டிக்குச் சென்றார். 1692இல் அங்கே போர்த்துக்கேய உளவாளியென்ற ஐயத்தின்பேரில் அடைக்கப்பட்டார். காவலில் இருந்த காலத்தைச் சிங்களங் கற்கச் செலவிட்டார். இருந்த இடத்திலேயே சிறு பீடமொன்று அமைத்துச் செபித்தார். வெளியே வர வழியில்லையே என்று வெதும்பாமல், உள்ளே என்ன செய்யலாம் என்று எண்ணிய மனம் அது. காலக்கிரமத்திற் காவலும் தளர்ந்தது.

1696ஐ ஒட்டிக் கண்டியிலே கடும் வரட்சி நேர்ந்தது. அடிகளார் சதுக்கத்திலே சிலுவையை நாட்டி முழந்தாளிட்டுச் செபித்தாரென்றும், மழை பெய்ததென்றும், இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருக்கு முழுச் சுதந்திரம் அளித்தானென்றும் சபை வரலாறு கூறும். மழைக்கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் உளம். அடுத்த ஆண்டளவிலே பெரியம்மை பரவியபோது நடந்ததே என் நெஞ்சைத் தொடுவது. பெற்றவரையும் பிறந்தவரையும் விட்டு மக்கள் ஓடினர். அடிகளாரும் அவருடைய துணைக் குருவும் ஓடவில்லை. கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிச்சென்று உணவூட்டினர், புண் கழுவினர், இறந்தோரை அடக்கஞ் செய்தனர். பௌத்தர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடு பார்க்கவில்லை. செபத்தால் மழை வந்ததோ இல்லையோ, செபித்தவரின் கை நோயாளியின் பாயருகே வந்தது. அதற்கு மேற்பட்ட அற்புதம் ஒன்று வேண்டுமா?

இன்னொன்றையும் எண்ணுதல் வேண்டும். ஒல்லாந்தக் கிறிஸ்தவர் துரத்திய கத்தோலிக்க குருவுக்கு இடங்கொடுத்தவன் ஒரு பௌத்த மன்னன். அதற்கு முன் 1626இல், போர்த்துக்கேயர் வெளியேற்றிய முஸ்லிம் மக்களைக் கிழக்கிலே மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றியவனும் கண்டி மன்னன் செனரத்தே. இந்த நாட்டுக்கு அடைக்கலங் கொடுக்கத் தெரியும் என்பதற்கு இவை சான்று. அடிக்கடி அது மறந்துபோவதுதான் எங்கள் துயரம்.

1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் திகதி அடிகளார் கண்டியிற் காலமானார். அவருக்குப் பின் அப்பணியைத் தமிழில் நிலைநிறுத்தியவர், 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல எழுதினார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்திலே தமிழ்க் கோயில்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. அதைக் கேட்கும் வாய்ப்பு எனக்கொருமுறை கிடைத்தது. முதிய அண்ணாவியார் ஒருவர் வாசித்தார், கூடியிருந்தோர் விம்மினர். எங்கள் ஊர்ப் பெண்கள் இழவு வீட்டிலே சொல்லும் ஒப்பாரியின் சாயல் அதில் இருந்தது. இயேசுவின் பாடுகளைக் கேட்டு அழுதவர்கள் தங்கள் பாடுகளையும் சேர்த்தே அழுதார்கள். துன்பத்துக்கு ஒரு மொழி கிடைத்துவிட்டால் அதன் பாரத்திற் பாதி இறங்கிவிடுகிறது. நல்ல இலக்கியமும் நல்ல செபமும் செய்வது இதைத்தான்.

மடுவின் கதை ஒல்லாந்தரோடு முடியவில்லை. எமது காலத்துப் போரிலும் ஆயிரக்கணக்கானோர் அங்கே அடைக்கலந் தேடினர். 1999 நவம்பரில் அத்தலத்தின்மீது எறிகணைகள் வீழ்ந்து, தஞ்சமென வந்தவர்களே மாண்டனர். 2008 ஏப்பிரலிலே குருமார் மீண்டும் அந்தச் சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றனர். அவ்வாண்டிலேயே மாதா மடுவுக்குத் திரும்பினார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி, பாப்பரசர் பிரான்சிஸ் காலையிலே கொழும்பில் யோசேவ் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்து, மாலையில் மடுவுக்குச் சென்று செபித்தார். ஓடி ஒளிந்தவரும் ஒளித்துவைக்கப்பட்டவரும் ஒரே நாளிலே உலகறிய நின்றார்கள்.

செபித்தவர்கள்மீதும் எறிகணை விழுந்ததே, அப்படியாயின் செபத்தால் என்ன பயன் என்று ஒரு மாணவன் என்னைக் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கு நான் புத்தகத்திலிருந்து விடை சொல்லவில்லை. 1990இல் நான் சிறுவன். இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலே படுத்திருந்தோம். வெடிச்சத்தம் கேட்ட ஓர் இரவில், மூலையிலிருந்த ஒரு கத்தோலிக்க ஆச்சி இருட்டிலே செபமாலை சொல்லத் தொடங்கினார். என் தாயார் தம்பாட்டிற் கந்தசஷ்டி கவசத்தை முணுமுணுத்தார். சத்தம் நிற்கவில்லை. ஆனால் அழுதுகொண்டிருந்த குழந்தைகள் அந்த இரண்டு முணுமுணுப்புகளுக்கும் நடுவே நித்திரையாகிப் போனோம். விடிந்ததும் அந்த ஆச்சி தமக்குக் கிடைத்த பாணில் அரைவாசியைப் பிய்த்து எங்களிடம் நீட்டினார். "சாப்பிடு ராசா" என்றது மட்டும் நினைவிருக்கிறது.

செபம் வெடிச்சத்தத்தை நிறுத்தியதென்று நான் சொல்லமாட்டேன். அந்த ஆச்சியின் கையை அது நடுங்காமல் வைத்திருந்தது. இருபத்தொன்பது ஆண்டுகள் குருவில்லாமல் இருந்தவர்களை அது கூட்டமாக வைத்திருந்தது. இவ்வளவே என் விடை. அந்த மாணவன் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஆச்சி இப்ப இருக்கிறாவா, சேர்?" என்று கேட்டான்.

இல்லையென்றேன். ஆனால் நேயர்களே, குறிஞ்சாக்கேணிப் பிள்ளைகளுக்காக அன்றிரவு உருண்ட பத்து மணிகளை நினைக்கும்போது, அவர் எங்கேயோ இருக்கத்தான் செய்கிறார் என்று தோன்றுகிறது.