ஒழுங்கு யாருக்கு? - சில்லறைப் போக்கரின் வரலாற்றிலிருந்து ஒரு பக்கம்

செல்போனில் போக்கர் ஆடி மூன்று மாதச் சம்பளத்தைத் தோற்ற சிநேகிதர் ஒருவர் என்னிடம் சொன்னார்: 'ஆட்டத்துல தப்பில்ல. எனக்குத்தான் கட்டுப்பாடு பத்தல.' இந்த வாக்கியம் அவர் வாய்க்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் இணையப் போக்கரின் வரலாற்றில் ஒரு மனிதரிடம் வந்து நிற்கிறோம். கிறிஸ் ஃபெர்குசன்.

கணினியியலில் டாக்டர் பட்டம் பெற்ற அமெரிக்கர். 2000இல் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்றவர். 2006இல் அவர் ஒரு பரிசோதனையில் இறங்கினார்: கையில் ஒரு சென்ட்கூட இல்லாமல் ஆரம்பித்து 10,000 டாலர் சேர்ப்பது. முதலில் கட்டணமில்லாப் போட்டிகள், பிறகு சில்லறைக்காசு மேசைகள். விதிகள் மூன்று. கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் ஒரு மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது. பல மேசைகளில் நடக்கும் பெரிய போட்டி என்றால் 2 சதவீதம். மேசையில் உள்ள பணம் கையிருப்பில் 10 சதவீதத்தைத் தாண்டினால், ஜெயித்துக்கொண்டிருந்தாலும், எழுந்துவிட வேண்டும். மிகச் சிறிய தொகைகளுக்கு மட்டும் விலக்கு. ஏறத்தாழ ஒன்றரை வருஷத்தில் இலக்கை எட்டினார்.

இதை ஏளனம் செய்ய முடியாது. சீட்டு விழுவது யார் கையிலும் இல்லை. சரியாக முடிவெடுத்தவர் தோற்கலாம், கண்டபடி ஆடியவர் ஜெயிக்கலாம். நன்றாக ஆடுகிறவருக்கும் தொடர்தோல்வி வரும். சின்னத் தொகையோடு நிற்கிறவர்தான் அதைத் தாண்டிப் பிழைப்பார். தோற்ற ஆத்திரத்தில் கண்மண் தெரியாமல் ஆடுவதற்குப் போக்கர்க்காரர்கள் வைத்த பெயர் 'டில்ட்'. பின்பால் இயந்திரத்தைப் பிடித்து உலுக்கினால் ஆட்டம் நின்றுபோகும், அங்கிருந்து வந்த சொல்.

ஃபெர்குசன் இந்தப் பாடத்தை ஆடிக் காட்டிய தளத்தின் பெயரே 'ஃபுல் டில்ட்'! அதன் இயக்குநர்களில் அவரும் ஒருவர். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு அந்தத் தளத்தின் மீது கை வைத்தது. செப்டம்பரில் அரசுத் தரப்பு தாக்கல் செய்த திருத்திய மனுவின்படி, மார்ச் இறுதியில் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கி சுமார் 390 மில்லியன் டாலர். வங்கியில் இருந்ததோ சுமார் 60 மில்லியன். 2007 ஏப்ரல் தொடங்கி இயக்குநர்களும் உரிமையாளர்களும் பிரித்துக்கொண்டது 440 மில்லியனுக்கு மேல். 2013இல் ஃபெர்குசன் தவறெதையும் ஒப்புக்கொள்ளாமல் வழக்கைச் சமரசத்தில் முடித்தார். அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்ப ஆரம்பித்தது 2014இல்தான்.

5 சதவீத விதி யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை? சில்லறைக்காசு ஆட்டக்காரர் தன் கையிருப்பைத் தானே கண்காணித்தார். அந்தக் கையிருப்பை வைத்திருந்தவர்களை அவர் கண்காணிக்க வழியில்லை. இன்னொன்று, சேர்ந்த பந்தயப் பணத்திலிருந்து தளம் கமிஷன் எடுக்கிறது. சின்ன மேசையில் அந்தக் கமிஷனின் பாரம் அதிகம். ஒழுங்காக ஆடுகிறவர் நெடுங்காலம் ஆடுவார், நெடுங்காலம் கமிஷன் கட்டுவார். ஆக, ஆடுகிறவரின் ஒழுங்கு தளத்துக்கும் வருமானம்தான்.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்குக் குறளின் சூது அதிகாரம் ஞாபகம் வருகிறது. அது ஆட்டத்தையே குற்றம் சொல்கிறது, ஒழுங்காக ஆடும் வித்தையை யாருக்கும் கற்றுத் தரவில்லை. நம் காலத்துச் சொல்லாடல் குற்றத்தை ஆட்டத்திலிருந்து பெயர்த்து ஆடுகிறவரின் மனசுக்குள் வைத்துவிட்டது.

2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. என் சிநேகிதர் இன்னும் தன்னையேதான் திட்டிக்கொண்டிருக்கிறார்.