ஜப்பானின் முதியோர் நலத்திட்டங்கள் - ஒரு பனிக்கிராமத்தின் கணக்கு

முதியோர் நலம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் உதாரணம் காட்டும் நாடு ஜப்பான். அந்த நாட்டின் கொள்கை எப்படி உருவானது என்று பார்க்கப் போனால், வடக்கே இவாதே மாகாணத்தில் இருந்த சவாவுச்சி என்ற மலைக்கிராமத்திற்குத்தான் போக வேண்டும்.

சுமார் ஆறாயிரம் பேர் வாழ்ந்த ஊர். குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பனி கொட்டும், பாதை அடைபட்டுவிடும். டாக்டரைப் பார்க்கக் காசும் கிடையாது. 1957ல் இந்த ஊரின் தலைவரானார் ஃபுகாசாவா மசாவோ. அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 70 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்து கொண்டிருந்தன. பெரியவர்களோ வீட்டுக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று நோயை வெளியே சொல்லாமல் இருந்தார்கள்.

ஃபுகாசாவா முதலில் செய்தது புல்டோசர் வாங்கிப் பாதையில் பனியை அகற்றியது. அடுத்து சுகாதாரச் செவிலியர்களை நியமித்து வீடு வீடாக அனுப்பினார். அதன் பிறகு, 1960ல், 65 வயதானவர்களுக்கு மருத்துவம் இலவசம் என்று அறிவித்தார். மறு ஆண்டே அது 60 வயதாகக் குறைக்கப்பட்டு, கைக்குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள். இது காப்பீட்டுச் சட்டத்துக்கு விரோதம் என்று மாகாண அதிகாரிகள் ஆட்சேபித்தார்கள். சட்டத்துக்கு விரோதமாக இருக்கலாம், அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவுக்கு விரோதமில்லையே என்றார் அவர்! (குடிமக்களுக்குக் குறைந்தபட்ச ஆரோக்கியமான வாழ்வை உறுதி செய்யும் பிரிவு அது.) 1962ல் அந்த ஊரில் ஒரு குழந்தைகூட இறக்கவில்லை. ஃபுகாசாவா 1965ல் காலமானார்.

1969ல் ஆளுநர் மினோபே ரியோகிச்சி டோக்கியோவில் 70 வயதானவர்களுக்கு இலவச மருத்துவம் கொண்டு வந்தார். 1973ல் அது தேசியத் திட்டமானது. துரதிர்ஷ்டம், அதே ஆண்டில்தான் எண்ணெய் நெருக்கடியும் வந்தது.

மத்திய அரசு கிராமத்திலிருந்து இலவசத்தை மட்டும் எடுத்துக்கொண்டது, வீடு தேடிப் போன செவிலியரை விட்டுவிட்டது. பலன் என்ன? மருத்துவமனைக் கூடங்கள் பெரியவர்கள் கூடிப் பேசும் திண்ணைகள் ஆகிவிட்டன. "இன்றைக்கு அவரைக் காணோமே, உடம்பு சரியில்லையோ?" என்று அங்கே கேட்டுக்கொள்வார்கள் என்று ஒரு ஜோக்கே உண்டு. சிரிக்க முடியாத பக்கமும் இருந்தது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதியவர்கள், நோய் தீர்ந்த பிறகும் மாதக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கையிலேயே கிடந்தார்கள். படுத்தே கிடந்ததால் நடக்கவும் முடியாமல் போனார்கள். வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புரியும்: படுக்கைக்குப் பணம் தருவேன், நடக்க வைத்தால் ஒன்றும் தரமாட்டேன் என்று சொன்னால் படுக்கைகள்தானே பெருகும்?

1982ல் முதியோர் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 பிப்ரவரி முதல் வெளிநோயாளிக்கு மாதம் 400 யென், உள்நோயாளிக்கு நாளொன்றுக்கு 300 யென் கட்டணம். தொகை சிறியதுதான் என்றாலும் இலவசம் அதோடு முடிந்தது. அதே சட்டத்தில் 40 வயது முதல் உடல் பரிசோதனை என்ற அம்சமும் இருந்தது. செய்திகளில் கட்டணமே பெரிதாக அடிபட்டாலும், கொள்கையளவில் முக்கியமானது இந்தப் பரிசோதனைதான்.

இதற்கிடையில் இன்னொரு முயற்சி. முன்னாள் டோக்கியோ பல்கலைக்கழகத் தலைவர் ஓகோச்சி கசுவோவின் வழிகாட்டலில் 1975ல் டோக்கியோவில் முதியோர் வேலைச் சங்கம் ஒன்று தொடங்கியது. ஓய்வு பெற்றவர்களுக்குத் தோட்ட வேலை, முகவரி எழுதுவது போன்ற சின்னச் சின்ன வேலைகள். கிடைக்கும் பணத்துக்குச் சம்பளம் என்று பெயரில்லை, பங்குத்தொகை! 'வெள்ளி மனிதவள மையம்' என்ற பெயரில் நாடெங்கும் பரவிய இதற்கு 1986ல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது.

1989ல் 3 சதவீத நுகர்வு வரி அறிமுகமாகி மக்கள் கோபத்தில் இருந்தபோது, ஆண்டுக் கடைசியில் 'தங்கத் திட்டம்' வந்தது. பத்து ஆண்டுகளில் ஒரு லட்சம் வீட்டு உதவியாளர்கள் என்பது இலக்கு. படுத்த படுக்கையாக யாரும் இருக்கக் கூடாது என்ற பிரசாரமும் சேர்ந்தது. 2000 ஏப்ரலில் பராமரிப்புக் காப்பீடு. 40 வயதானவர்கள் எல்லோரும் பிரீமியம் கட்ட வேண்டும், பாதிச் செலவை வரிப்பணம் ஏற்கும்.

2006ல் இந்தக் காப்பீட்டில் நோய்த்தடுப்புக்குத் தனி இடம் கிடைத்தது. தசைப் பயிற்சி, சத்துணவு ஆலோசனை, வீட்டுக்கே வந்து விசாரிப்பது... சவாவுச்சியின் செவிலியர்கள் ஐம்பது வருடம் முன்பே பனியில் நடந்து செய்த வேலையும் ஏறக்குறைய இதுதான். அந்தக் கிராமம் முந்தைய ஆண்டே, 2005 நவம்பரில், பக்கத்து ஊரான யுதாவோடு இணைக்கப்பட்டு நிஷிவாகா என்ற நகரமாகிவிட்டிருந்தது.