குறவஞ்சி மேடும் நாடகப் போட்டியும்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிறது மேலகரம். திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அவர் எழுதிய திருக்குற்றாலக் குறவஞ்சியை மெச்சி, மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் (ஆட்சி 1706–1732) அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குப் பெயரே ‘குறவஞ்சி மேடு’. பரிசுப்பொருளே நாடகத்தின் பெயரைச் சுமந்து நிற்பது, எனக்குத் தெரிந்து தமிழில் இது ஒன்றுதான்.

கொஞ்ச நாளாக ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. இதே குறவஞ்சியை இன்றைக்கு ஓர் அகில இந்திய நாடகப் பிரதிப் போட்டிக்கு அனுப்பினால் எத்தனையாவது சுற்று வரை தாக்குப்பிடிக்கும்?

இந்தப் போட்டிகள் பொதுவாக எப்படி நடக்கும் என்று முதலில் பார்த்துவிடுவோம். பிரதியில் எழுதியவர் பெயர் இருக்கக்கூடாது. வேறு எதையும் தழுவியதாக இருக்கக்கூடாது. வந்து குவிவதை முதல்நிலை வாசகர்கள் சிலர் பிரித்துக்கொண்டு படிப்பார்கள். அவர்கள் கழித்தது போக மிஞ்சுவது குறும்பட்டியல். அதை நடுவர் குழு படித்து, மதிப்பெண் போட்டு, உட்கார்ந்து விவாதித்து முடிவு செய்யும். கதைப்புதுமை, பாத்திரங்களின் வளர்ச்சி, உரையாடல், மேடைக்கு ஏற்றதா என்பதெல்லாம் அளவுகோல்கள்.

இப்போது குறவஞ்சியை உள்ளே அனுப்புங்கள். குற்றாலநாதர் உலா வருகிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு காதல் கொள்கிறாள். குறத்தி சிங்கி வந்து குறி சொல்கிறாள். சிங்கன் அவளைத் தேடி அலைகிறான், கடைசியில் கண்டுபிடிக்கிறான். அவ்வளவுதான் கதை! அதிலும் தலைவனையும் ஊரையும் மாற்றினால் மற்ற குறவஞ்சிகளுக்கும் ஏறக்குறைய இதே எலும்புக்கூடுதான். கதைப்புதுமைக்குப் பத்துக்கு இரண்டு மதிப்பெண் தேறுமா? முதல் சுற்றிலேயே கழித்துக் கட்டிவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பிரதியின் உயிர் கதையில் கிடையாது. சந்தத்தில், பாட்டில், சிங்கனும் சிங்கியும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் வேகத்தில் இருக்கிறது. 1944-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் இதை நாட்டிய நாடகமாக அமைத்தார். இரண்டு நூற்றாண்டு கழித்தும் மேடை அதை ஏற்றுக்கொண்டது.

அந்தக் காலத்துத் தேர்வுமுறை அரங்கேற்றம். புலவர் சபையில் ஆசிரியரே வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவர்கள் ஆட்சேபம் கிளப்பலாம், அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். நூல் காதில் விழுந்த பிறகுதான் தீர்ப்பு. அதற்கும் முந்தைய சோழர் காலத்தில் பார்த்தால், தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடுவதற்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் என்று இரண்டாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. அந்த நெல் போனது ஆடிக்காட்டிய கூத்தருக்கு.

அப்படின்னா பழைய முறைதான் சரி என்று சொல்ல வருகிறேனா? இல்லை. சபையில் ஏறவே ஒரு புரவலர் தயவு வேண்டும். நம் கவிராயருக்குச் சொக்கம்பட்டி ஜமீன் சின்னணஞ்சாத் தேவர் இருந்தார். அப்படி யாரும் இல்லாதவர்கள் எழுதிய ஏடுகள் என்ன ஆகியிருக்கும்? பெயரை மறைத்துப் படிக்கும் இன்றைய முறை அவர்களுக்காகத்தான். 1997-ல் மஞ்சுளா பத்மநாபனின் ‘ஹார்வெஸ்ட்’ கிரீஸின் ஒனாசிஸ் பரிசை வென்றபோது அது மேடையே ஏறியிராத வெறும் பிரதி. புரவலரும் குழுவும் இல்லாத ஒரு நாடகம் உலகப் போட்டியில் ஜெயிக்க அந்த ஏற்பாடு வழிவிட்டது.

அதே கிரீஸில் 2,400 ஆண்டுகளுக்கு முன்பு நேர்மாறான முறை. ஏதென்ஸில் நாடகத்தை முழுசாக ஆடிக்காட்டிய பிறகே பரிசு. நடுவர்களைப் பத்துக் குலங்களிலிருந்து குலத்துக்கு ஒருவராகக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். பத்துப் பேரும் எழுதிப் போட்ட தீர்ப்புகளில் ஐந்தை மட்டும் உருவி எண்ணினார்கள். யாருக்கு லஞ்சம் கொடுப்பது என்றே தெரியாதபடி ஓர் ஏற்பாடு! அப்படியும் சோஃபகிளிஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ முதல் பரிசு பெறவில்லை. ஃபிலோக்ளிஸ் என்பவர் வென்றார். அவர் நாடகம் எதுவும் இன்று முழுதாக நம் கையில் இல்லை.

ஆக, எந்த முறையிலும் ஓட்டை உண்டு. பிரதியை மட்டும் படித்தால் காது தவறவிடும். ஆடிப் பார்த்துத்தான் தீர்ப்பு என்றால் வசதியில்லாதவர் வாசலிலேயே நின்றுவிடுவார். நம் ஊரில் நாடகம் போடுகிறவர்களே போட்டி வைத்ததும் உண்டு. டி.கே.எஸ். சகோதரர்கள் 1940களில் நடத்திய போட்டியில் அரு. ராமநாதனின் ‘ராஜராஜ சோழன்’ பரிசு பெற்றது. அவர்களே அதை மேடையேற்றியது 1955-ல். பிரதிக்கும் மேடைக்கும் நடுவே அத்தனை வருஷம்.

இரண்டையும் சேர்க்க ஒரு வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. முதல் சுற்றுகளைப் பெயர் மறைத்தே நடத்தட்டும். கடைசி ஐந்து பிரதிகளை மட்டும் நாலு நடிகர்கள் நடுவர்கள் முன்னால் வாய்விட்டு வாசிக்கட்டும். ஒப்பனை வேண்டாம், விளக்கு வேண்டாம், நாற்காலி போதும். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. கவிதையை அப்படித்தானே எடை போட்டார்? வாய்விட்டுப் பாடி, திரும்பப் பாடி, நிறுத்தி, கேட்பவர் முகத்தைப் பார்த்து.

முதல் சுற்று வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கதை தெரிந்த கதையாக இருக்கிறதே என்று ஒரு பிரதியைக் கழிக்கும் முன்னால், அதில் ஒரு பக்கத்தையாவது சத்தமாகப் படித்துப் பாருங்கள். மேலகரத்துக்காரர் ஒருவர் அந்தக் கட்டுக்குள் இருக்கலாம்.