மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகள்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்த பேரெண்ணெய்த் தாங்கிகள் காட்டுமரங்களுக்கிடையே வரிசை வரிசையாக நிற்கின்றன. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது அவற்றுள் ஒன்று அழிந்தது, எஞ்சியவை 99. அத்தாங்கிகளுக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், வெருகலாற்றுப் புறத்தில் அமைந்தது ஈச்சிலம்பற்று. எண்ணெய்க் களஞ்சியத்துக்கு இத்துணை அண்மையில் இருந்தும், ஒரு போத்தல் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாக விளங்கிய காலத்தை அம்மண் கண்டதுண்டு. அக்காலத்தின் சுவடுகளை இன்று பழைய மோட்டார் வண்டி ஒன்றின் மூடியைத் திறந்தும் காணலாம்.

இலங்கையில் பழைய வண்டிகள் நெடுங்காலம் நிலைபெற்றமைக்குக் காரணம் ஆசை மட்டுமன்று. ஒஸ்ரின் ஏ 40 வண்டி 1947இலும், அலெக் இசிகோனிஸ் வரைந்த மொறிஸ் மைனர் 1948இலும் வெளிவந்தன. உறுதியும் எளிமையும் உடைய இவ்வண்டிகள் இந்நாட்டுக்குப் பெருந்தொகையாக வந்து சேர்ந்தன. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. புதிய வண்டிகளின் வரவு அருகியது. 1977இல் இறக்குமதி தளர்த்தப்படும் வரை, இருப்பதைத் திருத்தி ஓட்டுவதே வழியாயிற்று. உதிரிப்பாகம் கிடையாதபோது கடைசற்காரரே அதனைச் செய்து கொடுத்தார். ஒரு வண்டியின் உறுப்பு வேறொரு வண்டிக்குப் பொருந்தும்படி அராவப்பட்டது.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் நிலைமை மேலும் இறுகிற்று. வடக்கிலும், கிழக்கில் அரசின் ஆட்சி செல்லாத பகுதிகளிலும் எரிபொருளுக்குத் தடையும் கட்டுப்பாடும் வந்தன. யாழ்ப்பாணத்து ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கியது அப்பொழுதே. சிறு போத்தலில் பேணிவைத்த பெற்றோலைச் சில துளிகள் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை முடுக்குவர்; அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றதும், இடம்பெயர்ந்தோரின் மூட்டை முடிச்சுகளைச் சுமந்ததும் இவ்வண்டிகளே.

இவ்வழி உலகிற்குப் புதியதன்று. 1917இல் வெளிவந்த போட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் முடுக்கப்பட்டு மண்ணெண்ணெயில் உழுதது. ஆயின் அது அதற்கெனவே அமைக்கப்பட்டது; ஒஸ்ரினும் மொறிஸும் அவ்வாறு அமைந்தவை அல்ல. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 150 பாகை சதமவளவுக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். அன்றியும், அழுத்தம் மிகுந்தால் அது காலந்தப்பி வெடித்து இயந்திரத்தைத் தட்டச் செய்யும். ஆதலால் அழுத்தத்தைக் குறைக்கத் தலைமூடியின் கீழ்த் தடித்த கஸ்கற் இடுதல், பொறி விழும் நேரத்தைப் பிந்தச் செய்தல், புகைபோக்கியின் சூட்டை எரிபொருட் குழாய்க்கு அண்மிக்கச் செய்தல், இரண்டு எரிபொருளுக்கும் இருவழிக் குழாய்த்திருகி பூட்டுதல் ஆகியன கைக்கொள்ளத்தக்க வழிகளாயின.

2002இல் போர்நிறுத்தத்தோடு தடைகள் தளர்ந்தன. ஆயினும் 2004இல் ஆழிப்பேரலையும், 2006இல் மாவிலாற்றுப் பிணக்கையடுத்து மூண்ட போரும் ஈச்சிலம்பற்று மக்களை மீண்டும் அலைத்தன. பின்னர் ஊர் திரும்பியது. கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கப்பட்டது. படகுப்பாதைக்குக் காத்திருந்த வழி சுருங்கிற்று. பழைய வண்டியை விரும்பி வாங்குவோர் இன்று நாடெங்கும் உளர். அவ்வாறு வாங்கியவர் முதலில் எதிர்கொள்வது, வண்டியோடு வரும் நூலில் இல்லாத இம்மாற்றங்களையே.

அவற்றை ஆராய்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அளவுகோலை இழுத்து இயந்திர எண்ணெயைப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் மட்டம் குறைவதற்கு மாறாக உயர்ந்து, நீர்த்து, மண்ணெண்ணெய் மணத்தால், எரியாத எண்ணெய் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கியுள்ளது என்பது பொருள். அந்நிலையில் இயந்திரத்தை ஓட்டுவது தாங்கிகளைத் தேய்த்தழிக்கும். எண்ணெயை வடித்து மாற்றிய பின்னரே அடுத்த வேலை. இரண்டாவதாக, எரிபொருட் குழாயைத் தாங்கி முதல் காபரேற்றர் வரை கையாலே தொட்டுத் தொடர்தல் வேண்டும். மண்ணெண்ணெய்க்கு உதவிய சூடு பெற்றோலுக்குப் பகையாகும். பெற்றோல் குழாயிலேயே ஆவியாகி நடுவழியில் வண்டி நின்றுவிடும். மூன்றாவதாக, அழுத்தத்தை அளந்து, கஸ்கற்றின் தடிப்பையும் பொறி நேரத்தையும் நோக்குதல் வேண்டும். ஏற்றத்தில் வண்டி இழுக்க மறுத்தால், காரணம் பெரும்பாலும் இவ்விரண்டிலே இருக்கும்.

மின்னமைப்பிலும் ஒரு பொறி உண்டு. அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகளில் மின்கலத்தின் நேர்முனையே வண்டியுடலோடு இணைந்திருந்தது. பிற்காலத்து மின்பிறப்பாக்கியைப் பூட்டியவர் அதனை எதிர்முனைக்கு மாற்றியிருப்பார். அதனை அறியாமல் பழைய நூலின்படி இணைப்பவர் புதிய பிறப்பாக்கியை ஒரு நொடியில் எரித்துவிடுவார். யப்பானிய இயந்திரம் மாற்றப்பட்ட மொறிஸ் மைனர்களும் உள. வேகம் கூடிய இயந்திரமும் பழைய தடுப்புமாய் நிற்கும் வண்டியில் முதலில் நோக்க வேண்டியது தடுப்பையே. அது உயிர் பற்றிய காரியம். இயந்திர இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுவதும் தவிர்க்கலாகாது.

இவ்வாராய்ச்சியில் இரு விதிகள் தலையாயவை. ஒரே வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றி ஓட்டிப் பார்த்தல் ஒன்று. ஏன் செய்தார்கள் என்பதை அறியாமல் எதையும் கழற்றாதிருத்தல் மற்றொன்று. விசித்திரமாய்த் தோன்றும் ஓர் ஆணி வேறொரு குறையைத் தாங்கி நிற்கக்கூடும்.

இனி, கழற்றியதை என்ன செய்வது என்ற கேள்வி எழுகின்றது. தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே வண்டியை மீட்பதுதான் முறை என்பர் சிலர். அது ஓட்டத்துக்கு நல்லதே. எனினும் அந்த இருவழித் திருகியைச் செய்த கைவினைஞரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அவர் செய்த வேலைக்குச் சான்று அத்திருகி ஒன்றே. அதனைப் பழைய இரும்போடு எறிந்தால் அச்சான்றும் போய்விடும். கழற்றிய கஸ்கற்றையும் திருகியையும் துடைத்து, எந்த வண்டியில் எந்த ஆண்டு கழற்றப்பட்டது என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டி, வண்டியின் ஆயுதப்பெட்டியிலேயே வைத்துவிடுவது நன்று. அடுத்து அவ்வண்டியை வாங்குபவர் பெற்றோலில் ஓட்டுவார். அது மண்ணெண்ணெயில் ஓடிய நாட்களையும் அறிந்துகொள்வார்.